டேஷ்போர்டில் ஒரு கடகடப்பு

ஒரு வாரமாகக் காருக்குள் கடகடவென்று சத்தம். இன்று அம்பாங்கானில் எங்கள் வீட்டு வாசலில் நானே டேஷ்போர்டைப் பிரித்தேன்.

அதன்மேல் ஒட்டியிருந்த மாதா சுரூபத்தை முதலில் வீட்டுக்குள் வைத்தேன். தொட்டதுமே கையோடு வந்துவிட்டார். ஆசீர்வாதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இடுக்கெல்லாம் ஸ்பாஞ்சைத் திணித்து மூடி, குண்டும் குழியுமான ரந்தாவ் எஸ்டேட் ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. வேலையை விட்டுவிட்டு வொர்க்‌ஷாப் திறக்கலாமா என்றுகூட யோசித்தேன்.

மாலையில் மாதாவைப் பழைய இடத்தில் வைத்து, மனைவியோடு பூசைக்குக் கிளம்பினேன். முதல் பள்ளத்திலேயே கடகட.

மனைவி மாதாவின் தலையில் ஒரு விரலை வைத்தாள். சத்தம் நின்றது.

"அடியில பசை விட்டுப்போச்சுங்க. இதுக்கா காரையே பிரிச்சீங்க?"

"மாதாவப் போயி யாரு சந்தேகப்படுவா லா?" என்றேன்.

மாதா இப்போது டபுள் டேப்பில் அசையாமல் நிற்கிறார். டேஷ்போர்டுதான் ஆடுகிறது. கையில் மூன்று ஸ்க்ரூ மிச்சம்; எங்கே போடுவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.