வீமனின் நிறை

என் கணவர் இராஜரட்ணத்துக்கு அறுபத்தாறு வயது. அதில் இருபத்தாறு வருடத்தை நாங்கள் வந்து குடியேறிய இந்தக் குளிர் நாட்டின் விமான நிலையத்துச் சரக்குக் கொட்டிலில் பெட்டி இறக்கியே கழித்தார். ஓய்வு பெற்றதும் மனிதர் பக்கத்திலுள்ள மல்வேர்ன் நூலகத்தில் பேப்பர் படித்துக்கொண்டு ஒரு பக்கத்தில் இருப்பார் என்று நினைத்தேன். அவர் ஒரு நாயைக் கொண்டுவந்தார்.

சாதாரண நாயென்றால் பரவாயில்லை. இது அயர்லாந்தில் பந்தயம் ஓடி ஓய்ந்த நாய். அந்த நாய்கள் கூட்டில் அடைபட்டு இவருடைய கொட்டிலில்தான் வந்து இறங்குமாம். இங்கே ஒரு சங்கம் அவற்றைப் பொறுப்பெடுத்து வீடு தேடிக் கொடுக்கிறது. வருடக்கணக்காகக் கூடு இறக்கியவருக்குக் கடைசியில் ஒன்றை எங்கள் வீட்டிலேயே இறக்க ஆசை வந்துவிட்டது. என்னிடம் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். நாய் வந்தது.

வீமன் என்று பெயர் வைத்தார். இடுப்பு இரண்டு கைக்குள் அடங்கும், விலா எலும்பை எண்ணலாம், அதற்குப் பெயர் வீமன். வாழ்நாளில் படியையே கண்டதில்லை. இரண்டு கிழமையாக இவர் ஒவ்வொரு காலாகத் தூக்கிவைத்து அதற்குப் படியேறப் பழக்கினார். எங்கள் பிள்ளைகள் நடை பழகியபோது இவர் வேலையில் நின்றார். எனக்கு எரிச்சல் வந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்?

அதோடு போகிற இடமெல்லாம் நாய்ப் பந்தயக் கதை. ஒரு பெண்பிள்ளையின் சாமத்திய வீட்டு விருந்தில் பக்கத்து மேசைக்காரர் பந்தயத்தையே தடை செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டார், பாவம். இவர் கரண்டியைக் கீழே வைத்தார். "பந்தயத்தை ஒரேயடியா மூடினா அந்த நாட்டுப்புறச் சனம் என்னத்தைச் சாப்பிடுறது? ஓட விடட்டும். ஓடி முடிஞ்ச நாய்க்கு வீடு காட்டிப்போட்டு அடுத்த குட்டியை வளக்கட்டும்." கேக் வெட்டி முடியும்வரை இதே பேச்சுத்தான்.

சங்கத்தின் ஏற்பாடும் ஏறக்குறைய அதுதான். எத்தனை நாய்க்கு நல்ல வீடு அமைகிறதோ அத்தனை குட்டிதான் அடுத்த வருடம் வளர்ப்போம் என்று அங்குள்ள சில பண்ணைக்காரர்கள் கையெழுத்து வைத்திருக்கிறார்கள். பதிலுக்குச் சங்கம் அவர்களின் பண்ணைச் செலவில் ஒரு பங்கைத் தாங்குகிறது. வீமனை வளர்த்தவரும் அதில் ஒருவர். வீமனுக்கு ஒரு நிபந்தனையும் இருந்தது. ஓட்டத்தில் முறிந்து பொருந்திய பின்னங்கால் பாரம் தாங்காது. நிறை முப்பத்தைந்து கிலோவைத் தாண்டக்கூடாது. மூன்றாம் மாதம் வந்து நிறுப்பார்கள், தாண்டியிருந்தால் வேறு வீட்டுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். வந்தபோது முப்பத்திரண்டு இருந்தான்.

எங்கள் சனத்திடம் மெலிந்த நாயைக் காட்டி, அதன் உடம்பே அப்படித்தான் என்று சொல்லிப் பாருங்கள். வந்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் ஒரு மாதிரிப் பார்த்தார்கள். தேத்தண்ணியோடு வைத்த மட்டன் ரோல்ஸில் பாதி மேசைக்குக் கீழே போனது. பக்கத்து வீட்டு மரியம்மா வேலிக்கு மேலால் பொரித்த மீன் போட்டார். இவர் கோபத்தில், "நாய்க்கு வருத்தம், நோய் ஒன்றும் இல்லை, சாப்பாடு போட வேண்டாம்" என்று எழுதிக் கதவில் ஒட்டினார். மரியம்மா அதை நிதானமாக வாசித்துவிட்டு, பட்டினி போடுவதை எழுதியே ஒட்டியிருக்கிறார்கள் என்று தெரு முழுக்கச் சொன்னார்.

மூன்றாம் மாதம் சங்கத்திலிருந்து ஸ்டெபனி தராசோடு வந்தாள். எங்கள் சனத்துப் பிள்ளைதான், இங்கே பிறந்தவள். முப்பத்தாறு கிலோவும் இருநூறு கிராமும். அவளுக்கே முகம் வாடிவிட்டது. "ஸாரி அங்கிள், நான் ரிப்போர்ட் பண்ணத்தான் வேணும்" என்றாள். இவர் காலில் சப்பாத்தை மாட்டத் தொடங்கினார். மரியம்மா வீட்டுக்குச் சண்டைக்குப் போகப்போகிறார் என்று விளங்கியது.

"போகாதேங்கோ," என்றேன். "நான்தான் குடுத்தனான்."

மத்தியானம் இவர் நூலகத்தில். நான் தனியே சோற்றுக் கோப்பையோடு இருப்பேன். அது குரைக்காது, காலைச் சுரண்டாது, சும்மா நின்று பார்க்கும். அது பார்த்துக்கொண்டு நிற்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அதையும் சொன்னேன். வேண்டாம் என்று சொன்ன நாய்க்காக அழவும் செய்தேன்.

இவர் ஒரு சப்பாத்தோடு கதிரையில் இருந்தார். மற்றச் சப்பாத்தைக் கீழே வைத்துவிட்டு, "பின்னேரத் தேத்தண்ணியோட நானும் பிஸ்கற் குடுக்கிறனான்" என்றார்.

ஸ்டெபனி அயர்லாந்துக்கு வீடியோவில் அழைப்பெடுத்தாள். வீமனை வளர்த்தவர் வந்தார்: தொப்பி போட்ட வயதானவர், பின்னால் பாதி வெறுமையான நாய்க் கூடுகள். அவள் விஷயத்தைச் சொல்லச் சொல்ல அவர் வீமனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் சொன்னதை அவள் எங்களுக்குச் சொன்னாள். முப்பது வருடமாக நாய் அனுப்புகிறாராம், கொழுத்துவிட்டது என்று முறைப்பாடு வந்த முதல் நாய் இதுதானாம். இவர்களுக்கு ஆறு கிழமை கொடுங்கள், சரிவராவிட்டால் என் பங்கில் ஒரு குட்டியைக் குறையுங்கள் என்றாராம்.

முன்பின் தெரியாத ஒரு மனிதர் எங்கள் வாய்க்கட்டுப்பாட்டை நம்பித் தன் குட்டியைப் பணயம் வைத்தார். அதற்குப் பிறகு எங்களுக்கு எங்களையே நம்ப முடியவில்லை. அவனுக்கு முன்னால் ஒரு வாய்கூடச் சாப்பிடுவதில்லை, ஒருவரைத் தனியே சாப்பிட விடுவதுமில்லை என்று முடிவெடுத்தோம். இவர் கராஜில் இரண்டு மடக்குக் கதிரை போட்டார். மாசி மாதக் குளிரில், ஜக்கெற்றும் தொப்பியுமாகப் புட்டும் கறியும். வீமன் உள்ளே சோபாவில்.

ஆறு கிழமை முடிய நிறுத்தார்கள். முப்பத்து நாலரை. வீமன் இனி எங்களோடுதான்.

கராஜ் சாப்பாடு மட்டும் நிற்கவில்லை. நேற்று இவர் குழம்பில் உப்புக் கூடிப்போச்சு என்றார். நான் திட்டினேன். வேலை முறை மாறி மாறி ஓடிய முப்பத்தெட்டு வருடக் குடும்பத்தில், நாங்கள் இரண்டு பேரும் நாளாந்தம் ஒன்றாக இருந்து மத்தியானம் சாப்பிடுவது இப்போதுதான்.