அஞ்சலையின் பஸ்ஸில் இருபத்தேழு பேர்

சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டிருந்தேன். கற்பகத்தின் நாத்தனார் போன் செய்தாள். "அக்கா, அண்ணி பூட்டாங்க. காத்தால நெஞ்சு வலின்னாங்க. படப்பை ஆஸ்பத்திரி போறதுக்குள்ள..."  அந்தத் தேதிக் கட்டம் இன்னும் பாதி எழுதியபடியே இருக்கிறது.

கம்பெனியில் அவளோடு லைனில் நின்ற உங்களுக்கு அவள் குவாலிட்டி செக்கிங் கற்பகம். சேரப்பணஞ்சேரியில் பக்கத்து வீட்டுக்காரியான எனக்கு, சாப்பாட்டு மேஜையில் படக்கதை வரைகிறவள். 'ஆறாம் நம்பர் பஸ் அஞ்சலை' உங்களில் பலர் வீட்டில் இருக்கும். ஷிப்ட் பஸ் ஓட்டும் அஞ்சலைக்குப் பறக்கத் தெரியாது, அடிக்கத் தெரியாது. வெள்ளம் வந்தாலும் கடத்தல்காரன் வந்தாலும், இருபத்தேழு பெண்களையும் பேர் சொல்லி எண்ணாமல் வண்டியை எடுக்கமாட்டாள். அதுதான் அவள் பலம்.

அது எங்கிருந்து வந்தது என்று சிலருக்குத்தான் தெரியும். ஒரு மழை நாளில் கற்பகம் கம்பெனி பாத்ரூமில் மயங்கிக் கிடந்தாள். பஸ் போய்விட்டது. முழங்கால் தண்ணீரில் வீடுவரை நடந்தே வந்தாள். நான் டிரைவரைத் திட்டியபோது தலை துவட்டிக்கொண்டே சொன்னாள்: "வுட்டுட்டுப் போனவங்க கெட்டவங்க இல்லக்கா. எண்ணல, அவ்ளோதான்."

பென்சிலில் வரைந்ததை மை போடுமுன் என்னிடம் கொடுப்பாள். அந்த இருபத்தேழு பேரில் ஒருத்தி பவுனு; முந்தின பக்கத்தில் அவள் காதில் கம்மல் இருக்கிறது, இதில் இல்லையே என்பேன். "நீ எங்க லைனுக்கு வந்தின்னா ஒரு பீஸும் வெளிய போவாதுக்கா" என்று சிரித்துக்கொண்டே ரப்பரை எடுப்பாள்.

அப்படிப்பட்ட நான்தான் அந்தத் தவற்றைச் செய்தேன். அஞ்சலையைப் படமாக்க ஒரு சினிமா கம்பெனி ஒப்பந்தம் அனுப்பியது. பன்னிரண்டு பக்கம், எல்லாம் இங்கிலீஷ். அகராதி வைத்து நானாக இங்கிலீஷ் கற்றவள் நான். இரண்டு நாளில் படித்திருப்பேன். முதலில் சாமியிடம் வைப்போம் என்று வல்லக்கோட்டைக்குக் கொண்டுபோனோம். குருக்கள் முருகன் காலடியில் வைத்து, விபூதியோடு திருப்பித் தந்தார். திரும்பும்போது ஷேர் ஆட்டோவில் கேட்டாள்: "படிச்சுப் பாத்துடுறியாக்கா?"

"சாமி பாத்துட்டாரு. அதுக்கு மேல நான் இன்னா பாக்குறது?"

அவன் காலடியில் வைத்த காகிதத்தை மறுபடி புரட்டுவது சந்தேகப்படுவதாகும் என்று நினைத்தேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.

ஒரகடம் ரோட்டில் மூடிக்கிடந்த ஒரு ஷெட்டில் படப்பிடிப்பு. மதியச் சாப்பாடு கொண்டுபோவேன். போகும்போதெல்லாம் கதையில் ஏதோ ஒன்று குறைந்திருக்கும். அஞ்சலை டிரைவராக இருக்கக்கூடாது, டிரைவரின் தங்கையாக இருக்கட்டும் என்றார்கள். பிறகு டிரைவருக்கு ஒரு காதலி வந்தாள். டைரக்டர் நல்ல மனிதர்; "மேல சொல்றாங்கம்மா" என்பதைத் தவிர அவருக்கு வேறு வார்த்தை இல்லாமல் போனது. ஒருநாள் சினிமா கம்பெனி அதிகாரி வந்து, "எண்ணிக்கினே இருந்தா ஆடியன்ஸ் தூங்கிடுவான் மேடம்" என்றார்.

"தூங்கட்டும் சார். முழிக்கும்போது எல்லாரும் பஸ்ல இருப்பாங்க" என்றாள் கற்பகம்.

எதை வேண்டுமானாலும் மாற்றுங்கள், ஒருத்தியையும் விட்டுவிட்டு பஸ் போகக்கூடாது என்று அவள் கேட்டாள். அதிகாரி தலையாட்டினார். அப்படியே எடுத்தும் காட்டினார்கள். அன்று எனக்குப் பாயசம் வைத்துக் கொடுத்தாள்.

தாம்பரம் தியேட்டரில் வேறு முடிவு ஓடியது. எங்களுக்குச் சொல்லாமல் வேறெங்கோ எடுத்திருக்கிறார்கள். பவுனு வெள்ளத்தில் நிற்கிறாள், கையசைக்கிறாள், வயலின் அழுகிறது, பஸ் போகிறது. கற்பகம் விரல் நீட்டி வாய்விட்டு எண்ணினாள். பின்சீட்டிலிருந்து ஒருவன், "யம்மா, வூட்டுக் கணக்க வூட்ல போய்ப் பாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவள் நிறுத்தவில்லை. இருபத்தாறு.

வீட்டுக்கு வந்து அகராதியை எடுத்தேன். ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பக்கத்தில் இருந்தது: முடிவு உட்பட எதையும் கம்பெனி தன் விருப்பம்போல் மாற்றலாம். அவளிடம் போய்ச் சொன்னேன். 

"நீ கெட்டவ இல்லக்கா. படிக்கல, அவ்ளோதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். படம் ஓடவில்லை, கதை சரியில்லை என்று அதே அதிகாரி பேட்டி கொடுத்தார். அதன்பின் அவள் பென்சிலைத் தொடவில்லை. சாவுக்குச் சினிமா கம்பெனி ஒரு மாலை அனுப்பியிருந்தது. அதன் ரிப்பனில் படத்தின் பெயர் இருந்தது. அவள் பெயர் இல்லை. அந்த மாலையைக் கழற்றி வாசலுக்கு வெளியே வைத்தது நான்தான். உங்களில் சிலர் முகம் சுளித்தீர்கள். இருக்கட்டும்.

படக்கதையின் கடைசிப் பக்கத்தை, அவள் பென்சிலில் போட்டதை, என்னிடம் கொடுத்திருந்தாள். பஸ் ஜன்னல்களில் எல்லா முகங்களும் தெரிகின்றன. அதைப் பூஜை அலமாரியில் வைக்கச் சொல்கிறார் என் வீட்டுக்காரர். வைக்கவில்லை. சாமி காலடியில் வைத்துவிட்டால் நான் மறுபடி பார்க்கமாட்டேன் என்பது எனக்குத் தெரியும். என் கணக்கு நோட்டுக்குள் வைத்திருக்கிறேன். தினமும் விளக்கேற்றியபின் எடுத்து, பேர் சொல்லி எண்ணுகிறேன். இருபத்தேழு.