குழல் தேய்ந்த குளிர்காலம்

ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் ஒரு மீட்டர் அகல இரும்புத் தகட்டைத் துப்பாக்கியால் அடிக்க வேண்டும் என்று ஒருவன் சொன்னால், "எதற்கு?" என்று கேட்பதுதான் புத்திசாலித்தனம். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. நான் கேட்டது, "எந்தத் தோட்டா?"

டோர்ட்மண்டில் ஆய்வு மாணவனாக இருந்தேன். இரண்டாயிரத்துகளின் நடுப்பகுதி. அப்படிச் சொன்னவன் பல்கலைக்கழகப் பட்டறையில் கடைசல் வேலை பார்த்தவன்; என் காற்றுச் சுரங்கத்துக்கு வேண்டிய பாகங்களை எல்லாம் கடைந்து தந்தவன். ஆறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்து இறங்கிய யாழ்ப்பாணத்துக்காரன். நான் கோயம்புத்தூர்க்காரன். இரண்டு பேருக்கும் ஒரே வயது. மூன்றாவது சந்திப்பிலேயே அவன் "மச்சான்" என்றான், நான் "டேய்" என்றேன்.

அவன் ஒரு சுடும் சங்கத்தில் பல வருடங்களாக உறுப்பினன். சொந்தமாக ஒரு துப்பாக்கி இருந்தது. அடுத்த செப்டம்பரில் டொராண்டோவில் அவனுக்குக் கல்யாணம். அதன் பிறகு அங்கேயே வாழ்க்கை. துப்பாக்கியை விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். அதற்கு முன் ஒரே ஒரு ஆசை. வடக்கே புதர்க்காட்டில் இருக்கும் ராணுவப் பயிற்சித் திடல், ஜூனில் ஒரு சனிக்கிழமை மட்டும் சங்கத்தாருக்குத் திறந்துவிடப்படும். அன்று ஒரு தடவையாவது அந்தத் தகட்டில் அடித்துவிட வேண்டும். ஆளுக்குப் பத்து குண்டு. அவ்வளவுதான்.

பழைய குழல் அத்தனை தூரத்துக்கு உதவாது. புதுக் குழல் போட வேண்டும். எந்தத் தோட்டாவுக்கு என்பதில்தான் சண்டை ஆரம்பித்தது.

"முந்நூற்று முப்பத்தெட்டுத் தோட்டா எடுப்பம் மச்சான். எல்லாரும் அதுதான் சுடுறாங்கள்."

"எல்லாரும் சுடுறாங்கன்னா நாமளும் சுடணுமா? தோள்பட்டை கழண்டுடும்டா. மெல்லிசா, நீளமா, வேகமா ஒரு குண்டு போடுவோம். காத்து அதைத் தள்ளுறதுக்கே யோசிக்கும்."

"அதுக்குக் குழல் கெதியாத் தேயும் எண்டு சொல்லுறாங்கள்."

"எத்தனை சுடப்போறோம்? பத்து. பழக ஒரு நூறு. விடுடா."

என் பக்கம் கணக்கு இருந்தது. ஆய்வுக்காக எழுதிய நிரலைத் திருத்தி, குண்டு பறக்கும் பாதையைக் கணினியில் வரைந்து காட்டினேன். அந்தத் தூரத்தைக் கடக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் ஆறு மாடிக் கட்டடத்தின் உயரம் அளவுக்குக் குண்டு கீழே இறங்கிவிடும். தகட்டைத் தொடும் முன் அதன் வேகம் ஒலியின் வேகத்துக்குக் கீழே போகக் கூடாது. போனால் தள்ளாட ஆரம்பித்துவிடும். பெரிய கூட்டில் நிறைய மருந்து, சின்னக் குண்டு என்றால் அந்தக் கவலையே இல்லை. அந்தச் சின்ன வாய் வழியாக அவ்வளவு நெருப்பும் சீறிப் போகும்போது குழலின் தொண்டை என்ன ஆகும் என்பதை என் நிரல் கணக்கிடவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் வரைபடத்தை நெடுநேரம் பார்த்தான். "நீ படிச்சனி. சரி, உன்ர சொல்லுக்கே போவம்" என்றான்.

அந்தக் குளிர்காலத்தின் ஞாயிறு மத்தியானங்கள் எல்லாம் அவன் வீட்டு நிலவறையில் கழிந்தன. பக்கத்து அறையில் குடியிருப்பு முழுவதற்குமான துணி துவைக்கும் இயந்திரங்கள் சுழன்றுகொண்டிருக்கும். இன்றைக்கும் எங்காவது சலவைத்தூள் வாசனை வந்தால் பித்தளைக் கூடுகள் என் கண் முன்னால் வரிசையாக வந்து நிற்கின்றன. கூடுகளை எடை போட்டுப் பிரிப்பேன். கழுத்தின் தடிமனை அளப்பேன். குண்டுகளை நீளவாரியாக அடுக்குவேன். ஆனால் மருந்து டப்பாவைத் திறந்துவிட்டால் நான் நகர்ந்துவிட வேண்டும். வெடிமருந்தைத் தொடுவதற்கான அனுமதிச் சீட்டு, அவன் பாஷையில் 'ஷைன்', அவனிடம் மட்டும்தான் இருந்தது. அதற்காகப் பாடம் படித்துப் பரீட்சை எழுதியிருந்தான்.

"கையை எடு. உனக்கு ஷைன் இல்லை."

"தராசைத்தாண்டா பார்க்கிறேன்."

"கண்ணையும் எடு."

அவன் அம்மா தேநீரும் பொரித்த பற்றீசும் தட்டில் வைத்துப் படியிறங்கி வருவார். ஒவ்வொரு தடவையும் வாசலில் நின்று ஒரு பெருமூச்சு விடுவார். "துவக்குச் சத்தத்துக்குப் பயந்து கடல் தாண்டி வந்தனாங்கள். இவன் ஒருத்தருக்கும் சொல்லாமல் வரிசையில நிண்டு துவக்கு வாங்கியிருக்கிறான். தம்பி, நீங்கள் படிச்ச பிள்ளை. நீங்களாவது சொல்லுங்கோ."

"சொல்றேன் ஆன்ட்டி" என்பேன், பற்றீசை வாயில் வைத்துக்கொண்டே.

"அவர்தான் அம்மா என்னைக் கெடுக்கிறது" என்பான் இவன்.

உண்மையும் அதுதான். சனிக்கிழமைகளில் சங்கத்தின் முந்நூறு மீட்டர் திடலுக்குப் போவோம். அவன் சுடுவான், நான் வேகமானியைப் பார்த்துக் குறிப்பேன். சில சமயம் அவன் பக்கத்தில் நிற்க நானும் சுடுவேன். ஐந்து குண்டுகளும் ஒரு நாணயத்துக்குள் அடங்கியிருந்தால் அவனுக்குப் போதும். "இது காணும் மச்சான்" என்பான். எனக்குக் காணாது. வேகத்தில் இன்னும் கொஞ்சம் ஏற்ற இறக்கம் இருக்கிறதே? ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்போம் என்பேன். மருந்தின் அளவு. பிறகு குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பது. பிறகு கூட்டின் அடியில் மருந்துக்குத் தீ மூட்டும் பிரைமர். பிறகு வேறொரு குண்டு. குண்டு மாறினால் எல்லாவற்றையும் முதலிலிருந்து. ஆய்வு மாணவனின் வியாதி அது. முடிவு கிடைத்துவிட்டால் வேலை முடிந்துவிடுமே என்ற பயம்.

மார்ச்சில் ஒரு ஞாயிறு, அவன் மேலே போயிருந்த நேரத்தில், குழலுக்குள் குண்டைச் சுழலவைக்கும் வரிகள் தொடங்கும் இடத்தை ஒரு கம்பி வைத்து அளந்தேன். நவம்பரில் புதிதாக மாட்டியபோது இருந்ததைவிட அந்த இடம் ஒரு மில்லிமீட்டருக்கு மேல் முன்னால் தள்ளிப் போயிருந்தது. தொண்டை எரிந்துகொண்டிருந்தது. குறிப்பேட்டில் கூட்டிப் பார்த்தேன். அதுவரை ஆயிரத்து நூறு குண்டுகள். அந்த மாதிரிக் குழலின் நல்ல வயது அதற்குள் முடிந்திருக்கும். புதுக் குழல் என்றால் துப்பாக்கிக் கம்மியனிடம் நான்கு மாதக் காத்திருப்பு. ஜூனுக்கு மூன்று மாதம்தான் இருந்தது.

அவன் திரும்பி வந்தான். "எத்தனை அடிச்சிருப்பம் மச்சான்?"

"ஒரு அறுநூறு இருக்கும்" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எத்தனையோ தடவை யோசித்திருக்கிறேன். அவன் ஆசையை நான் சோதனை செய்தே தீர்த்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்றிலிருந்து சோதனைகளைக் குறைத்தேன். "போதும்டா, இதுதான் பெஸ்ட்" என்றேன். தேய்ந்த தொண்டைக்கு ஏற்றபடி குண்டைச் சற்று வெளியே தள்ளி உட்கார வைக்கச் சொன்னேன். ஏப்ரலில் ஐந்துக்கு நான்கு ஒழுங்காகப் போயின. ஐந்தாவது எங்காவது போனது. மே மாதம் ஐந்துக்கு மூன்று.

"காற்று" என்றேன்.

"ஓம், காற்று" என்றான்.

அந்த ஜூன் சனிக்கிழமைக்கு மறுநாள் ஊன்ட்றொப் என்ற ஊரில் ஈழத்தமிழர் கட்டிய அம்மன் கோயிலில் தேர். அவன் அம்மா மரக்கறி றோல்ஸ் மட்டும்தான் கட்டிக் கொடுத்தார். "நாளைக்குத் தேரை வச்சுக்கொண்டு மச்சம் மாமிசம் தின்னாதேங்கோ" என்று என்னையும் சேர்த்து எச்சரித்தார். மூன்று மணி நேரம் காரோட்டினோம். புதர்க்காடு முழுக்க வெயில் மினுங்கியது. தொலைநோக்கியில் தகடு தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளிந்தது. எங்களுக்கு முன்னால் நான்கு பேர் இருந்தார்கள். அவன் துப்பாக்கிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து றோல்ஸ் சாப்பிட்டான். நான் என்னுடையதைத் தாளில் திரும்பச் சுற்றி வைத்தேன்.

"டேய், ஒண்ணு சொல்லணும். குழல் போச்சு. மார்ச்லயே போச்சு. அறுநூறுன்னு சொன்னது பொய்."

அவன் மென்று விழுங்கினான். "தெரியும்."

"என்ன தெரியும்?"

"விசரா, ஒவ்வொண்டுக்கும் மருந்து போட்டது ஆர்? உனக்குத்தான் ஷைன் இல்லையே. எத்தனை டப்பா முடிஞ்சது எண்டு எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன்டா என்னை நிறுத்தல?"

"நிப்பாட்டிப்போட்டு? சனிக்கிழமையில உன்னோட கடைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கிறதோ?" கையைத் துடைத்துக்கொண்டான். "ஆனா நீ சொல்லேல்லை. அதுதான் கோவம். மூண்டு மாசமாப் பாத்துக்கொண்டிருந்தனான்."

அதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

அவன் பாயில் படுத்தான். நான் பக்கத்தில் தொலைநோக்கியோடு. முதல் குண்டு தகட்டுக்கு இடப்பக்கம் மண்ணைக் கிளப்பியது. திருத்தம் சொன்னேன். இரண்டாவது மேலே போனது. மூன்றாவது, முதல் குண்டு விழுந்த பக்கத்துக்கே போனது. காற்று மாறவே இல்லை. அது குழலின் வேலை என்று இரண்டு பேருக்கும் தெரியும். "எங்கை?" என்று மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்டான். நானும் ஒளிக்காமல் சொன்னேன். நான்கு, ஐந்து, ஆறு. ஆறாவது எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

"தெரியல" என்றேன்.

"சரி. உண்மையைச் சொல்லிப் பழகுறாய்" என்றான், கன்னத்தைத் துப்பாக்கியில் இருந்து எடுக்காமலே.

ஏழாவதற்கு நான் திருத்தம் எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அவன் தகட்டின் நடுவில் குறி பிடித்துச் சுட்டான். நெளிந்துகொண்டிருந்த வெள்ளைத் தகட்டின் வலது மூலையில், விளிம்பை ஒட்டி, ஒரு சாம்பல் புள்ளி தோன்றியது. நான்கு விநாடி கழித்து, யாரோ பக்கத்துத் தெருவில் கரண்டியால் குடத்தைத் தட்டியதுபோல அந்தச் சத்தம் வந்து சேர்ந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டான்.

மிச்சம் மூன்றும் தவறின. அவனுக்குக் கவலையே இல்லை.

நாங்கள் எழுந்தபோது அடுத்த பாயில் இருந்த ஜெர்மன்காரர் ஒருவர், எழுபது வயது இருக்கும், என்னிடம் வந்தார். இவ்வளவு மெல்லிய குண்டால் இத்தனை தூரத்தில் அடித்ததை அவர் பார்த்ததில்லையாம். மருந்து, கூடு, ஆழம் எல்லாவற்றையும் எழுதித் தர முடியுமா என்றார். எழுதினேன். குழலில் இதுவரை எத்தனை குண்டு போயிருக்கிறது என்று கேட்டார். அன்றைய பத்தையும் சேர்த்து, ஒரு குண்டு குறைக்காமல், ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு என்று சத்தமாகச் சொல்லி எழுதினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், துப்பாக்கியைப் பார்த்தார்.

பாயைச் சுருட்டிக்கொண்டிருந்த அவன் திரும்பாமலே தமிழில் சொன்னான்: "அதோட இன்னும் ஒரு நாப்பதைச் சேர் மச்சான். நீ பாரிசுக்கு மாநாட்டுக்குப் போன கிழமை நான் தனியப் போய்ச் சுட்டனான்."

என்ன சொல்கிறார் உங்கள் நண்பர் என்று பெரியவர் கேட்டார். நான் தாளைத் திரும்ப வாங்கி, எண்ணை அடித்துவிட்டுத் திருத்தி எழுதினேன்.