சனிக்கிழமை நட்சத்திரம்

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டில் நல்லெண்ணெய் காய்ச்சும் வாசனை வந்தால் எனக்கு ஒரு நட்சத்திரம் ஞாபகம் வரும். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

யுத்த காலம். சிதம்பரத்தில் அக்கா வீட்டில் தங்கி, காலேஜில் பௌதிக டெமான்ஸ்ட்ரேட்டராக இருந்தேன். தற்காலிகம்தான். வேலை நிரந்தரமானால்தான் பெண் என்று கடலூரில் ஒருவர் கறாராகச் சொல்லியிருந்தார். பெண்ணை ஒரு தடவை பார்த்திருந்தேன், அதுவே போதுமாயிருந்தது. எங்கள் புரொபசரோ, "உருப்படியா ஒண்ணு கண்டுபிடிச்சிக் குடுப்பா, மேல எழுதறேன்" என்றார்.

சில நட்சத்திரங்களில் உலோகச் சரக்கு ஜாஸ்தி. அவற்றின் ஒளி சில நாளுக்கொரு முறை ஏறி இறங்கும். அப்படி ஒன்றைப் பிடிக்கத்தான், விளக்கணைப்பு உத்தரவால் கும்மிருட்டாகக் கிடந்த மாடியில் தினமும் டெலஸ்கோப்போடு உட்கார்ந்தேன். முதலில் மஞ்சள் கண்ணாடி வழியாக, அப்புறம் நீலக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது. வரவரக் கறுத்துக்கொண்டு போகும் ஒரு கண்ணாடிப் பட்டையை நகர்த்தி, நட்சத்திரம் எங்கே மறைகிறது என்று குறிப்பது. அதுதான் ஒளியின் அளவு. இரண்டு மாதத்தில் ஒன்று அகப்பட்டது. நீலம் ஏழு நாளுக்கொரு முறை தவறாமல் மங்கியது. மனசுக்குள் கல்யாணப் பத்திரிகையே அடித்துவிட்டேன்.

"பக்கத்து நட்சத்திரத்தயும் அளந்தியா?" என்றார் புரொபசர். அளந்தேன். அதுவும் மங்கியது. அதற்கடுத்ததும். நோட்டில் தேதி போட்டேனே தவிர கிழமை போடவில்லை. காலண்டரைப் பார்த்தால் எல்லாம் சனிக்கிழமை.

சாப்பிடும்போது அக்காவிடம் புலம்பினேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அன்னிக்குத்தான நீ எண்ண தேச்சிக்கினு குளிக்கிற? அந்தக் கண்ணாடிய பாத்தியா?" என்றாள். மஞ்சள் கண்ணாடிக்கு மரச்சட்டம் உண்டு. நீலத்தைக் கையால் புருவத்தோடு ஒட்டிப் பிடிப்பேன். அக்கா தேய்த்துவிடும் எண்ணெய் சீயக்காய்க்கெல்லாம் அசையாது, புருவத்திலிருந்து கண்ணாடியில் ஏறிவிடும். ஞாயிறு காலையில் கண்ணாடியை வேட்டி நுனியால் துடைத்துவைக்கிற சுத்தக்காரன் வேறு நான்.

விஷயம் புரிந்ததும் அக்காவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. "மத்த நட்சத்திரத்த எழுதாம வுட்டுடேன்டா. யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள். பொய் சொல்லமாட்டேன், எனக்கும் அதே ஆசைதான். இரண்டு நாள் அல்லாடிவிட்டு, எண்ணெய் உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். புரொபசர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். வேலை வேறொருவருக்குப் போயிற்று. ஆவணியில் கடலூர்ப் பெண்ணும் வேறொருவருக்கு.

அந்த இருட்டு இப்போது ஏது? வீட்டை இடித்து லாட்ஜ் கட்டியிருக்கிறார்கள். எனக்கு அப்புறம் வேறு இடத்தில் நல்லபடியாகவே கல்யாணமாயிற்று. ஆனாலும் தன் வாயால்தான் தம்பி கல்யாணம் நின்றது என்று அக்கா சாகிறவரை நினைத்துக்கொண்டிருந்தாள். நான் போனால் இலையில் ஒரு கரண்டி நெய் கூடுதலாக விழும். அவள் மட்டும் சொல்லியிருக்காவிட்டால், சனிக்கிழமை வானமே மங்குகிறது என்று என் முட்டாள்தனம் அச்சில் ஏறி ஊரே சிரித்திருக்கும். இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். நெய்க்கு ஆசைப்பட்டுச் சொல்லாமலே இருந்துவிட்டேன்.