நாற்பத்தொரு கரிக்கோடுகள்

"ஆபரேட்டருக்கு இயக்கத் தெரியாததே கோளாறுக்குக் காரணம்" என்று ஊராட்சிக்குக் கொடுக்க அச்சடித்திருந்த கடிதத்தில் சத்யபிரியா கையெழுத்துப் போட்டால், திங்கட்கிழமை முதல் இன்னாசிக்கு வேலை இல்லை. ஆவூருக்கு அங்கிட்டு ஒரு கிராமத்தில் பதினாறு வருஷமாகக் குடிதண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போடுகிறவர் அவர். புதுக்கோட்டையில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியின் பெட்டியை, நேரம் அடித்து வைத்தால் மோட்டாரைத் தானே போடும் பெட்டியை, மாட்டிய நாளிலிருந்து தண்ணீர் நேரம் தவறியே வந்தது.

மூன்று தடவை போய் அவருக்குச் சேவ் பட்டனைக் காட்டிக்கொடுத்தவள் அவள்தான். மூன்றாம் தடவை கொஞ்சம் சத்தமாகவே. மனசு கேட்காமல் இன்னொரு தடவை பார்க்கப் பஸ் ஏறினாள்.

மோட்டார் ரூம் சுவர் முழுக்கக் கரிக்கோடு.

"கரண்டு போகப் போக ஒன்னு போட்டேன். நாப்பத்தொன்னு. அத்தன தடவையும் நேரத்தத் திருப்பி அடிச்சு சேவ் அமுக்குனேன், பச்ச லைட்டும் வந்துச்சு. நீ எங்கத்தா கேட்ட? கண்ணாடி போட்டுக்கிட்டு வாங்கன்னுல்ல சொன்ன" என்றார் இன்னாசி.

நேரத்தை நாலரை என்று அவளே அடித்தாள். சேவ் அமுக்கினாள். மெயின் சுவிட்சை இறக்கி ஏற்றினாள். பெட்டி, கம்பெனி போட்டு அனுப்பிய ஆறு மணியைக் காட்டியது.

கரண்ட் திடீரென்று போனாலும் கெட்டுவிடாதபடி, பெட்டியை ஓட்டும் லினக்ஸ் சாப்ட்வேரில் எதையும் எழுத முடியாமல் பூட்டியிருந்தார்கள். நேரம் பதிவாகும் செட்டிங்ஸ் ஃபோல்டருக்கு மேல் மட்டும் எழுதுவதற்கு ஓர் அடுக்கு விரித்திருந்தார்கள். லேப்டாப்பைச் சொருகிப் பார்த்தாள். அந்த அடுக்கு மெமரி கார்டில் இல்லை. கரண்ட் போனால் எல்லாவற்றையும் மறந்துவிடும் ரேமில் கிடந்தது.

ஆபீசில் யாருக்கும் தெரியாமல் போனதற்குக் காரணம் இருந்தது. சோதனைப் பெட்டி இன்வெர்ட்டரில் ஓடுகிறது. அதை அணைக்கவே கூடாது என்பது மேனேஜர் ஆத்மநாதன் போட்ட சட்டம். ஆயுத பூஜையன்றுகூட ஓடிக்கொண்டிருந்த பெட்டிக்குத்தான் சந்தனப் பொட்டு வைத்தார்கள். வைத்தவள் அவள்.

நார்த்தாமலைப் பக்கம் கல் உடைக்கும் அவள் அப்பாவை, பேங்கில் ஒருவன் "ஒனக்குத் தெரியாது, தள்ளி நில்லு" என்றபோது வந்த ஆத்திரம் இப்போதும் வந்தது. இந்தத் தடவை சொன்ன வாய் அவளுடையது. வீட்டில் முதல் டிகிரி வாங்கியது இதற்குத்தானா?

கார்டில் எழுதுவதற்கென்று விட்டிருந்த தனிப்பகுதிக்கு அடுக்கை மாற்றினாள். மோட்டார் புரோகிராம் எழும்புவதற்கு முன்பே அது விரியும்படி செய்தாள். மூன்று தடவை சுவிட்சை இறக்கினாள். நாலரை நாலரையாகவே நின்றது.

ஆத்மநாதனுக்குப் போன் போட்டாள்.

"சரியாயிருச்சுல்ல? நல்லது. லெட்டரையும் குடுத்துட்டு வந்துரும்மா."

"தப்பு நம்மளுது சார்."

"அது வெளிய தெரிஞ்சா அறுபது பெட்டியும் திரும்பி வரும். ஒருத்தர் வேலையா, நம்ம எல்லார் வேலையுமா?"

"அறுபது ஊர்லயும் ஒரு இன்னாசி திட்டு வாங்கிக்கிட்டு இருப்பாருல்ல சார்."

"ஒன் வேலையப் பாரு."

"அதத்தான் சார் பாக்குறேன்." போனை வைத்தாள்.

அச்சடித்த கடிதத்தைக் கிழித்தாள். இன்னாசி பேனா கொடுத்தார். நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, ஊராட்சித் தலைவருக்கு என்று ஆரம்பித்தாள்.

"ஆபரேட்டர் சரியாகவே இயக்கினார். கோளாறு எங்கள் பெட்டியில். அவர் சொன்னதை மூன்று முறை கேட்காதவள் நான்."

கீழே பெயரை முழுசாக எழுதினாள்: இ. சத்யபிரியா, பி.இ.

"சத்தமா ஒருக்கா வாசி" என்றார் இன்னாசி.