கப்பலுக்கு அனுப்பிய வீடு

என் வீட்டுக்காரர் கப்பல் வேலையை அடியோடு முடித்துக்கொண்டு திரும்பி வந்த மாலையில், பெட்டியைக் கையில் பிடித்தபடியே முன்னறையின் நடுவில் நின்று சுற்றிலும் பார்த்துக்கொண்டிருந்தார். பாளையங்கோட்டையில் நாங்கள் பல வருஷமாக வாடகைக்கு இருந்த அதே வீடுதான். விடுமுறைக்கு வந்துபோன வீடுதான். ஆனாலும் அன்றைக்குத்தான் முதல் தடவை பார்க்கிறவர் போல ஒவ்வொரு மூலையாகப் பார்த்தார். அப்புறம், "நம்ம வீடு இம்புட்டுச் சின்னதா?" என்று கேட்டார். காப்பி போட அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் இறந்து ஒரு மழைக்காலம் கடந்துவிட்டது. அவரை நினைத்தால், கடலோ கப்பலோ அல்ல, அந்த மாலைதான் முதலில் வருகிறது.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் திசையன்விளைக்குத் தெற்கே, கடற்கரையில். அவருடைய அப்பா கட்டுமரத்தில் போனவர். இவர் பெரிய கப்பலுக்குப் போனார். எஞ்சின் அறையில் எண்ணெய் போடும் வேலை. வருஷத்தில் பெரும்பகுதி தண்ணீரில், மிச்சம் கொஞ்சம் வீட்டில். மகள் படிப்புக்காகப் பாளையங்கோட்டைக்கு வந்தோம். அவள் படித்து, கல்யாணமாகி, கோயம்புத்தூர் போன பிறகு வீட்டில் நான் ஒருத்திதான். நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் இருக்கிற இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். கட்டிய புருஷனிடமும் அந்தக் கூச்சம் முழுக்கப் போகவில்லை. கப்பல் கரைக்கு வரும்போது அவர் போன் பேசுவார். "அப்புறம்?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். "சாப்ட்டியா?" என்பார். "ஆச்சு" என்பேன். பிறகு இரண்டு பேரும் கொஞ்ச நேரம் மூச்சுவிட்டுக்கொண்டிருப்போம். போனை வைத்த பிறகுதான் சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும்.

மகள் போகும்போது தன் பழைய போனை என்னிடம் கொடுத்து, படம் எடுத்து அனுப்பச் சொல்லிக்கொடுத்தாள். அடுத்த முறை கப்பல் ஏறுகையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். நாளுக்கு ஒரு படம். "விசேஷம்னு எதுவும் வேண்டாம். சும்மா வீட்ட எடு. நாள் மட்டும் விட்டுப்போகக் கூடாது" என்றார். அப்படித்தான் ஆரம்பித்தது. கொடியில் காயும் துணி, பொங்கி வழிந்த பால், சாளை மீன் குழம்பு கொதிக்கும் சட்டி, மாதா படத்துக்குக் கீழே கிழிக்காமல் விட்ட நாள்காட்டி, கரண்டு போனபோது ஏற்றிய மெழுகுவர்த்தி, கறிவேப்பிலை பறிக்க வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கை. அவரும் அனுப்புவார். எண்ணெய் படிந்த கையுறை, தட்டில் நீளமான ரொட்டி, வட்டக் கண்ணாடிக்கு வெளியே சாம்பல் நிறத்தில் கடல். படத்தோடு ஒரு வார்த்தையும் எழுத மாட்டோம். எழுதாமலே எனக்கு விளங்கியது. ரொட்டி என்றால் நல்ல நாள். கையுறை என்றால் வேலை அதிகம். வெறும் கடல் மட்டும் வந்தால் அவருக்கு வீட்டு நினைப்பு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நடுக்கடலில் சிக்னல் கிடையாது. நான் அனுப்பியதெல்லாம் கரை நெருங்கும்போது மொத்தமாக அவர் கையில் விழும். மற்றவர்கள் என்றால் அன்றைக்கே எல்லாவற்றையும் தள்ளித் தள்ளிப் பார்த்து முடித்திருப்பார்கள். அவர் அப்படியில்லை. வேலை முடிந்து, குளித்து, படுக்கையில் சாய்ந்த பிறகு, ஒரு நாளைக்கு ஒன்று என்று வரிசைப்படி பார்ப்பார். அதனால் எனக்குக் கார்த்திகை நடக்கும்போது அவருக்கு ஐப்பசி நடந்துகொண்டிருக்கும். நான் போனில் வாய் தவறி, பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டிருக்கிறது என்று சொல்லிவிட்டால், "சொல்லாத, சொல்லாத. நான் இன்னும் அங்க வரல" என்பார். அவர் சிரிப்பது கேட்கும். இப்படியே போனில் சொல்லக் கிடைத்த கொஞ்சமும் சொல்லக்கூடாததாகிவிட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. பேசத் தெரியாதவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது.

வீட்டுக்குள்ளேயே எவ்வளவுதான் எடுப்பது? ஒரு தடவை அவர், "நான் பிரேசில் பாத்தாச்சு, பாபநாசம் பாக்கல. நீ போயி எடேன்" என்றார். தனியாக பஸ் ஏறி வெளியூர் போய்ப் பழக்கமில்லாதவள் அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் கிளம்பினேன். பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி. ஆற்றை எடுப்பது சுலபம், அது ஏன் என்று கேட்காது. ஆட்கள் இருக்கிற இடத்தில் போனைத் தூக்கித் தூக்கி இறக்கிவிடுவேன். ஒரு நாள் பஸ்ஸைப் படம் எடுத்தபோது கண்டக்டர், "என்னக்கா, மேல புகார் எழுதிப் போடப் போறியளா? சில்லறை குடுத்துட்டேன், பாத்துக்கோங்க" என்றார். கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் காயப்போட்டுக்கொண்டிருந்தவர்கள் முன்னால் வெகுநேரம் தயங்கி நின்றேன். அதில் ஒருத்தி, "எங்கள எடுத்து எங்க அனுப்புதிய?" என்று கேட்டாள். எங்க வீட்டுக்காரவுக கப்பலில் இருக்காவ, அவுகளுக்கு என்றேன். "அப்ப அப்பளத்த மட்டும் எடுங்கக்கா. எம் மூஞ்சியப் பாத்தா கப்பல விட்டுக் குதிச்சிருவாவ" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்றைக்கு அனுப்பிய படம் ஆடியிருந்தது.

எடுக்க எடுக்க எதை விடவேண்டும் என்றும் பழகிவிட்டது. முன்னறையில் ஒரு சுவர் மழைக்கு ஊறிக் கறுத்திருக்கும். அதற்கு முதுகைக் காட்டி நின்றுதான் எடுப்பேன். வாசல் மூலையிலிருந்து எடுத்தால் அறை பெரிதாகத் தெரியும் என்பதால் அங்கிருந்தே எடுப்பேன். எனக்குக் கர்ப்பப்பையை எடுத்த சமயம் மகள் வந்து கூட இருந்தாள். படுத்த இடத்திலிருந்து எட்டுகிற சன்னலையே தினமும் எடுத்து அனுப்பினேன். பிறகு போனில் அவர், "என்ன, சன்னலாவே வருது?" என்று கேட்டார். மழை, வெளியே போகமுடியவில்லை என்றேன். தூரத்தில் இருக்கிறவருக்கு வருத்தத்தை அனுப்பக்கூடாது என்பது எங்கள் பக்கத்தில் எல்லாப் பெண்களும் கடைப்பிடிப்பதுதான்.

சர்க்கரை ஏறி, மருத்துவச் சோதனையில் தேறாததால் அவரைக் கப்பலிலிருந்து இறக்கி அனுப்பிவிட்டார்கள். அப்படித்தான் அந்த மாலை வந்தார். இனிமேல் தனியாக இருக்க வேண்டாம் என்று நான் பட்ட சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஆனால் வந்தவர் முன்னறையில் உட்கார்ந்து போனைப் பார்த்தார். அவரிடம் இன்னும் பார்க்காத படங்கள் இருந்தன. நான் அடுப்படியில் நிற்பேன். அவர் போன மாதத்து அடுப்படியைப் பார்த்துக்கொண்டிருப்பார். நாளுக்கு ஒன்றுதான். அதைப் பார்த்து முடித்ததும் எழுந்து வந்து, "அந்தப் பச்ச வாளி எங்க?" என்பார். உடைந்துவிட்டது என்பேன். தலையாட்டிவிட்டுப் போவார்.

ஒரு சனிக்கிழமை இரண்டு பேரும் பாபநாசம் போனோம். அவர் ஆற்றைப் பார்ப்பதற்கு முன்னால் நான் நின்று படமெடுத்த இடத்தைத் தேடினார். படிக்கட்டில் ஏறி இறங்கி, "இங்கனதான நின்ன?" என்று சரியாக வந்து நின்றார். வலதுபக்கம் திரும்பி, "இந்தக் கடையெல்லாம் படத்துல இல்லியே" என்றார். குரலில் கோபமில்லை. ஏதோ ஒன்றைத் தொலைத்துவிட்டவர் போலச் சொன்னார். வருகிற வழியெல்லாம் பஸ்ஸில் நான் சன்னல் பக்கம், அவர் பக்கத்தில். படம் எடுப்பதை நான் விட்டிருந்தேன். வீட்டிலேயே இருக்கிறவருக்கு வீட்டை எதற்கு எடுப்பது? அதை விட்ட பிறகுதான் தெரிந்தது, அவ்வளவு வருஷமும் காலையில் எழுந்ததும் இன்றைக்கு எதைக் காட்டலாம் என்று தேடித்தான் என் பொழுது ஓடியிருக்கிறது. ஆள் வந்து சேர்ந்தார். காட்ட ஒன்றும் இல்லாமல் போயிற்று. தனியாக இருந்தபோது இல்லாத தனிமை அப்போதுதான் வந்தது.

ஒரு நாள் மத்தியானம் அவர் போனை மடியில் வைத்துக்கொண்டு, "படம் தீந்துபோச்சு" என்றார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "நான் கப்பல்ல இருந்தப்ப நாம ரெண்டு பேரும் நல்லா இருந்தோம், என்ன?" என்றார். மறுத்துச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "ஆமா" என்று வந்துவிட்டது. எங்கள் கல்யாணத்தில் நாங்கள் இரண்டு பேரும் மறைக்காமல் பேசிய முதல் பேச்சு அதுதான் என்று நினைக்கிறேன். அந்த மாதமே அவர் தெரிந்தவர் மூலமாகத் தூத்துக்குடியில் சரக்கு வைக்கிற ஒரு கிட்டங்கியில் காவல் வேலைக்குச் சேர்ந்தார். அங்கேயே ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை வருவார். பக்கத்து வீட்டு அக்கா, "ஒரு மணி நேரத் தூரத்துல புருசன வச்சிக்கிட்டு, நீ போட்டோ பாத்துக் குடும்பம் நடத்துத" என்று கேலி செய்தாள். உண்மைதான். மறுபடி படங்கள் வந்தன, போயின. உப்பு லாரி, துருப்பிடித்த சங்கிலி, மத்தியானச் சாப்பாடு. எனக்கு உயிர் வந்தது.

தொடர்ந்து சில ஞாயிறுகள் அவர் வரவில்லை. வேலை இருக்கிறது என்றார். படமும் எப்போதும் சாப்பாட்டுத் தட்டாகவே வந்தது, மேலிருந்து, ஒரே மாதிரி. என் சன்னல் படங்கள் எனக்கு ஞாபகம் வந்தன. சொல்லாமல் தூத்துக்குடிக்கு பஸ் ஏறினேன்.

கிட்டங்கி வாசலுக்கு எதிரே, சாலையின் இந்தப் பக்கம், ஒரு வேப்பமரத்தடியில் நின்றேன். தகரக் கூரையின் கீழ் அவர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வலதுகால் ஒரு பெயிண்ட் வாளியின்மேல் இருந்தது. கணுக்கால் தெரியாத அளவுக்கு வீங்கி, பாதத்தில் துணி சுற்றியிருந்தது. மடியில் தட்டு. தண்ணீர்ப் பாட்டிலைத் தள்ளிவைத்தார். மருந்துப் பையைத் தள்ளிவைத்தார். தட்டைச் சரிபார்த்துப் போனைத் தூக்கிப் படம் எடுத்தார். என் பைக்குள் போன் அதிர்ந்தது. திறந்தேன். சோறு, மீன் துண்டு, ஒரு ஓரத்தில் துவையல். நிமிர்ந்து பார்த்தேன். அவர் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைய என் படத்துக்காகக் காத்திருக்கிறார். அந்த முகத்தை நான் வீட்டில் ஒரு நாளும் பார்த்ததில்லை. தின்பண்டம் வாங்கி வருவார்கள் என்று வாசலைப் பார்க்கிற பிள்ளையின் முகம். இத்தனை வருஷம் நான் அனுப்பியதையெல்லாம் இந்த முகத்தோடுதான் பார்த்திருக்கிறார். சாலையைக் கடந்து முன்னால் போய் நின்றால் அந்த முகம் போய்விடும் என்று பயமாக இருந்தது. திரும்பி பஸ் ஏறிவிடலாம் என்றுகூட ஒரு கணம் நினைத்தேன். அவர் போனைக் கீழே வைத்தார். மறுபடி எடுத்துப் பார்த்தார். சோறு ஆறிக்கொண்டிருந்தது.

என் கையில் வீடு இல்லை. காட்ட வேறெதுவும் இல்லை. மரத்தடியிலிருந்தே போனைத் தூக்கி அவரை எடுத்து அனுப்பினேன்.

அவர் குனிந்து பார்த்தார். புரியவில்லை. இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு தன் காலைப் பார்த்தார். அதற்கப்புறம் மெதுவாகத் தலையைத் தூக்கிச் சாலையைப் பார்த்தார். காலை அவசரமாகக் கீழே இறக்கப் போனவர், என்ன நினைத்தாரோ, அப்படியே விட்டுவிட்டார். "அங்கன ஏன் நிக்க? இங்கன வா" என்றார்.

ஒரே தட்டில் சாப்பிட்டோம். எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். கால் மரத்துப்போவது கப்பலிலேயே ஆரம்பித்துவிட்டது, புண் இங்கே வந்த பிறகு என்றார். "ஒரு வார்த்த சொல்லலியே" என்றேன். அவர் மீனில் முள் எடுத்துக்கொண்டே, "நீ மட்டும் சன்னல எடுத்து அனுப்பிட்டு மழைன்னு சொன்ன. படத்துல வெயிலு அடிச்சிக்கிட்டுல்லா இருந்துச்சு" என்றார். தெரிந்து ஏன் கேட்கவில்லை என்றேன். "நீ ஏன் சொல்லல?" என்றார். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது. எனக்குக் கண்ணீரும் வந்தது. சாயங்கால பஸ்ஸில் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு எங்களுக்குக் கிடைத்த காலம் நீளமில்லை. புண் ஆறவில்லை. ஆனால் நான் துணி சுற்றிவிடும்போது அவர் வலிக்கிறது என்று சொல்லுவார். நான் பயமாக இருக்கிறது என்று சொல்லுவேன். ஊறிய சுவரைக் காட்டி, "இத படத்துல எப்படிட்டி இத்தன வருசம் மறச்ச?" என்று கேட்டுச் சிரிப்பார்.

இப்போது காலையில் எழுந்தால் அதே சன்னல், அதே கொடி. போன் அலமாரியில் இருக்கிறது. மாதா கோயில் பூசைக்கும் மார்க்கெட்டுக்கும் போய்வருகிறேன். மற்ற நேரமெல்லாம் வீடு என்னைப் பார்க்கிறது, நான் வீட்டைப் பார்க்கிறேன். முப்பதாம் நாள் பூசைக்கு நினைவு அட்டை அடிக்க மகள் படம் தேடியபோது, சீருடையில் ஸ்டுடியோவில் எடுத்தது ஒன்று இருந்தது. நான் தகரக் கூரைப் படத்தைக் கொடுத்தேன். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டு, "கால் தெரியாம மார்பளவு வெட்டிருவோமாம்மா?" என்று கேட்டாள். வேண்டாம், முழுசாகப் போடு என்றேன். பூசை முடிந்து வாசலில் அட்டையை வாங்கிய ஊர்க்காரப் பெண் ஒருத்தி, புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இந்தப் படந்தானா கெடச்சிச்சு?" என்றாள். சுற்றிலும் ஆட்கள் நின்றார்கள்.

"ஆமா. நான் எடுத்தது" என்றேன்.