அண்ணன் விட்டுக்கொடுக்காத வழக்கு

அண்ணன் மேயரான செய்தியை லேக் மார்க்கெட் முழுக்கச் சொல்லித் தீர்த்தவள் நான். ஊரில் அவர் சின்ன வக்கீல். நகராட்சி மாநகராட்சியானதும் அவரையே முதல் மேயராக உட்காரவைத்தார்கள். நான் வாழ்க்கைப்பட்ட கல்கத்தாவில் எங்கள் ஊர் எந்தப் பக்கம் என்றுகூட யாருக்கும் தெரியாது. அதனால் என்ன? காப்பித்தூள் கடைக்காரர்கூட என் வாய்க்குத் தப்பவில்லை.

மேயரான பிறகு மாநகராட்சிக்கு எதிரான வழக்குகளில் அவர் ஆஜராக முடியாது. அந்தக் கட்டுகளையெல்லாம் வேறு வக்கீல்களிடம் கொடுத்துவிட்டார், ஒன்றைத் தவிர. பஸ் நிலையத்துக்குப் பின்னால் எட்டு வீடுகள். இடம் தன்னுடையது என்று அன்றைய நகராட்சி இடிக்க வந்தபோது தடை உத்தரவு வாங்கி, பன்னிரண்டு வருடம் காப்பாற்றியவர் அவர். அதை மட்டும் கொடுக்க மனம் வரவில்லை.

"நான் மேயரா இருக்கயில எவன் வந்து இடிப்பான்?" என்றார் போனில். அந்த எட்டு வீட்டாரும் அப்படியே நினைத்தார்கள். நம் வக்கீலே மேயர், இனி வேறு வக்கீல் எதற்கு என்று இருந்துவிட்டார்கள். பாசம் கண்ணை மறைத்துவிட்டது என்று இன்றைக்குச் சொல்கிறேன். அன்றைக்கு எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அந்தக் குளிர்காலத்தில் என் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை பெஹாலாவில் ஒரு வங்காளிப் பையன். தாய்மாமனாக அண்ணன் டாக்குரியாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தார். முகூர்த்தம் முடிந்ததும் பெட்டியை எடுத்துவிட்டார்.

"நாளைக்கு ஒரு வாய்தா இருக்கும்மா. அந்த எட்டு வீட்டுக் கேசு. நான் வாதாட முடியாது, நேர்ல போயி வேற தேதியாவது கேட்டு வாங்கணும்."

"ஜூனியருக்கு ஒரு போன் போட்டாப் போதாதா? பௌபாத்துக்குத் தாய்மாமன் இல்லன்னா அவங்க என்ன நெனப்பாங்க?" என்று பிடிவாதம் பிடித்தேன். பௌபாத் என்றால் கல்யாணத்துக்கு மூன்றாம் நாள், புது மருமகள் புகுந்த வீட்டாருக்குத் தன் கையால் சோறு பரிமாறும் நாள். அவர் டிக்கெட்டை ரத்து செய்தார். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

ஜூனியர் கோர்ட்டுக்குப் போய் நின்றிருக்கிறார். வழக்கை நடத்த அதிகாரம் தரும் வக்காலத்து அவர் பெயரில் இல்லை, அண்ணன் பெயரில்தான் இருந்தது. பேச அனுமதிக்கவில்லை. ஆஜராக ஆளில்லை என்று வழக்கு தள்ளுபடியானது. தடையும் அதோடு போயிற்று.

பௌபாத் அன்று என் மகள் முதல் கரண்டிச் சோற்றை மாமன் தட்டில் வைத்தாள். அப்போதுதான் போன் வந்தது. காலையிலேயே எட்டு வீடுகளையும் இடித்துவிட்டார்கள். மேயரின் கையெழுத்து அதற்குத் தேவைப்படவில்லை, அதிகாரிகளின் உத்தரவே போதுமாக இருந்தது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். ஒரு வாய்கூட உள்ளே போகவில்லை.

ஊருக்குப் போனதும் பதவியை உதறினார். தானே வாதாடி வழக்கை மீட்கலாம் என்று, புது வக்காலத்தில் கையெழுத்து வாங்க அந்த எட்டு வீட்டாரிடம் போனார். அவர்கள் கையில் ஏற்கெனவே ஒரு வக்காலத்து இருந்தது, வேறொரு வக்கீல் பெயரில். பழைய வக்கீலான அண்ணன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால்தான் அது செல்லும். போட்டுக் கொடுத்துவிட்டு எனக்குப் போன் செய்தார்.

"அங்க ஒரு அக்கா, பன்னெண்டு வருஷமா என்னைத் தம்பின்னுதாம்மா கூப்பிடும். இன்னைக்கு, 'இந்த எடத்துல கையெழுத்துப் போடுங்க சார்'னு சொல்லுச்சு."